பி.வி.சி. பைப்பும் பேரிங்கும்: வீட்டு நாய்க்கு அஜிலிட்டி சாமான்கள் செய்த அனுபவம்

60 செ.மீ. உயர அச்சில் நிற்கும் பன்னிரண்டு அடி சீ-சா பலகையில் எங்கள் நாய் செவலை இப்போது தானாக ஏறி, நடுவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, பலகை சாய்ந்து தரையைத் தொடும் வரை நுனியில் நின்று, சொன்ன பிறகே இறங்குகிறது. அஜிலிட்டி சாமான்களில் என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் பலகைதான். ஆகவே எந்தச் சாமானை எந்த வரிசையில் செய்தேன், எதற்கு எவ்வளவு ஆயிற்று, எது சரிப்படவில்லை என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

அஜிலிட்டி என்பது, நாய் ஓடுபாதையில் உள்ள தடைகளை உரிமையாளரின் கையசைவையும் குரலையும் பார்த்து வரிசை தவறாமல் கடக்கும் விளையாட்டு. 1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியை ஒட்டி ஓர் இடைவேளை நிகழ்ச்சியாகத் தொடங்கியது. இன்று உலகப் போட்டி வரைக்கும் வளர்ந்திருக்கிறது. போட்டிக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் எஃப்.சி.ஐ. என்ற உலக நாய்க் கூட்டமைப்பின் விதிகளில் ஒவ்வொரு தடைக்கும் அளவு தெளிவாகக் கொடுக்கப்பட்டிருப்பதால், கண் மதிப்பில் செய்வதை விட்டுவிட்டு அந்த அளவுகளையே எடுத்துக்கொண்டேன்.

செவலை நாட்டு நாய், பெண், இரண்டு வயது முடிந்தது, எடை 17 கிலோ. வயதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. குட்டியின் கால் எலும்புகளின் நுனியில் உள்ள வளர்ச்சிப் பகுதி இறுகுவதற்கு முன் உயரம் தாண்ட வைத்தால் மூட்டு கெடக்கூடும். எஃப்.சி.ஐ. போட்டியிலேயே பதினெட்டு மாதம் நிரம்பாத நாய்க்கு இடமில்லை. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் இடுப்பையும் முழங்காலையும் அசைத்துப் பார்க்கச் சொல்லி, நகத்தையும் வெட்டிக்கொண்டு வந்த பிறகே வேலையைத் தொடங்கினேன். சுவரோரம் நிற்க வைத்து, தோள்பட்டை உச்சியின் மேல் தச்சு மூலைமட்டத்தை வைத்து அளந்ததில் உயரம் 49 செ.மீ. வந்தது. 48 செ.மீ. முதல் பெரிய நாய் வகை என்பதால், ஒரே ஒரு சென்டிமீட்டரில் அந்த வகைக்குள் வந்துவிட்டது. அந்த வகைக்குப் போட்டியில் 55 முதல் 60 செ.மீ. வரை தாண்டல் உயரம் உண்டு. பொழுதுபோக்குக்கு அது தேவையே இல்லை, நான் 40 செ.மீ.க்கு மேல் போவதில்லை.

இடம், கோயம்புத்தூரை அடுத்த சூலூர் பக்கத்தில் உறவினரின் தென்னந்தோப்பை ஒட்டிய காலி மனை. மொட்டை மாடி கைக்கு எட்டிய இடம்தான் என்றாலும், சிமெண்டுத் தளத்தில் தாண்டி இறங்கும் நாயின் முன்னங்கால் மணிக்கட்டில் விழும் அடியை நினைத்து அதை ஒதுக்கிவிட்டேன். மனையில் செம்மண், மழைக்குப் பிறகு நெருஞ்சி படர்ந்து கிடந்தது. கொத்தினால் செடி போகும், முள் மண்ணிலேயே தங்கிவிடும். பழைய சாக்கைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் இழுத்துக்கொண்டே போனால் காய்ந்த முட்கள் சாக்கில் குத்திக்கொண்டு வந்துவிடுகின்றன. தோப்புக்காரர் சொல்லிக் கொடுத்த வழி. நாய் இறங்கும் இடங்களில் தென்னை நார்க்கழிவை இரண்டு இஞ்ச் கனத்துக்குப் பரப்பினேன். ஒரு குட்டியானை வண்டிக்குக் குறைவான லோடு, ஐந்நூறு ரூபாய். லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்தால் தூசு கிளம்பாது, வழுக்கவும் வழுக்காது.

முதலில் தாண்டல் தடைகள், மொத்தம் நான்கு. ஒரு இஞ்ச் பி.வி.சி. பைப் இருபது அடி நீளத்தில் கிடைக்கிறது. மூன்றடியில் இரண்டு நிலைக் கம்பங்கள், நான்கடியில் குறுக்குக் கம்பி ஒன்று, அதே நான்கடியில் தரையில் கிடக்கும் கம்பி ஒன்று, ஓரடியில் நான்கு கால்கள் என்று வெட்டினால் பதினெட்டு அடி போய்விடும்; ஒரு தடைக்கு ஒரு பைப் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு கால்களை ஒரு டீயில் (T வடிவ பைப் இணைப்பு) எதிரெதிராகச் செருகி, டீயின் நடு வாயில் நிலைக் கம்பத்தை நிறுத்தினால் ஒரு பக்கம் முடிந்தது. சொல்யூஷன் போடுவது கால்களுக்கு மட்டும்தான். நிலைக் கம்பத்தைச் சும்மா செருகி வைத்தால், நாய் மோதும்போது கழன்று விழும், வேலை முடிந்ததும் பிரித்து வண்டியில் வைக்கவும் தோதாக இருக்கும். கால்களுக்குள் காய்ந்த மணலை நிரப்பி எண்ட் கேப் போட்டுவிட்டால் தோப்புக் காற்றுக்குச் சாயாது. தரையில் கிடக்கும் கம்பி அலங்காரத்துக்கு அல்ல. எங்கிருந்து எம்ப வேண்டும் என்பதை நாய் அதைப் பார்த்துத்தான் கணிக்கிறது.

குறுக்குக் கம்பியைத் தாங்கும் கிண்ணம்தான் இந்தத் தடையில் யோசிக்க வேண்டிய பாகம். நாயின் கால் பட்டால் கம்பி விழுந்தே ஆக வேண்டும். ஹார்டுவேர் கடையில் கொடுத்த பைப் கிளாம்ப் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டதால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை இஞ்ச் பைப்பின் துண்டு ஒன்றை வாங்கி, இரண்டு இஞ்ச் நீளத்துக்கு அறுத்து, அதை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தேன். அந்த ஆழமில்லாத வளைவில் ஒரு இஞ்ச் கம்பி உட்காரும், லேசாகத் தட்டினால் உருண்டு விழும். நிலைக் கம்பத்தில் 10, 20, 30, 40 செ.மீ. உயரங்களில் துளையிட்டு, கிண்ணத்தை போல்ட்டும் விங் நட்டும் போட்டு மாட்டியதால் ஸ்பானர் இல்லாமலே உயரத்தை மாற்ற முடிகிறது. நிறம் மஞ்சளும் நீலமும். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பச்சைப் புல்லின் மேல் சிவப்புக் கம்பி வைப்பதால் நம் கண்ணுக்குத்தான் அழகு. நான்கு தடைகளுக்கும் பைப், டீ, கேப், போல்ட் எல்லாம் சேர்த்து ரூ. 2,600 ஆயிற்று.

பழக்கியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பியைத் தரையில் போட்டு நடக்க வைப்பதில் தொடங்கி, பத்துப் பத்து சென்டிமீட்டராக உயர்த்தினேன். வேகவைத்த கோழி ஈரலைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி இடுப்பில் ஒரு பையில் கட்டிக்கொண்டு, தாண்டி இறங்கிய இடத்துக்கு முன்னால் தரையில் போட்டேன். கையில் வைத்துக் கொடுத்தால் நாய் தடையைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டே தாண்டுகிறது. ஒரு வேளைப் பயிற்சி பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வெயில் ஏறுவதற்கு முன், அதாவது காலை ஏழு மணிக்குள், எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்.

அடுத்தது சுரங்கம். விதிப்படி 60 செ.மீ. விட்டம், 3 முதல் 6 மீட்டர் நீளம். கடைகளில் விற்கும் குழந்தைகள் விளையாட்டுச் சுரங்கம் விட்டத்தில் குறைவு, துணியும் மெல்லிசு. 17 கிலோ நாய் வேகமாக உள்ளே திரும்பினால் கம்பிச் சுருளே இடம் மாறிவிடும். கோயம்புத்தூரில் தொழிற்சாலைச் சாமான்களுக்குப் பஞ்சமில்லை என்பதால், தொட்டிகளுக்குள் ஆள் இறங்கும்போது காற்று அனுப்பப் பயன்படுத்தும் மஞ்சள் நிற வளைகுழாய் நினைவுக்கு வந்தது. 600 மி.மீ. விட்டத்தில், ஐந்து மீட்டர் நீளத்தில், பழைய சாமான் கடையில் ஒன்று ரூ. 1,800க்குக் கிடைத்தது. வாங்குமுன் உள்ளே கைவிட்டுச் சுருள் நெடுகத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. அதை மடக்கி, சைக்கிள் டியூபைச் சுற்றி, தடித்த ஊசியால் தைத்தேன்.

சுரங்கம் உருளாமல் இருக்க இருபுறமும் பாரம் வேண்டும். பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் கால்களை அடியில் தைத்து, மணலை நிரப்பி, இடுப்புப் பகுதி சுரங்கத்தின் முதுகில் இருக்கும்படி இரு கால்களையும் இரு பக்கமும் தொங்கவிட்டேன். மூன்று பேண்ட்டுகள் போதுமானவையாக இருந்தன. ஒவ்வொரு நாளும் பயன்படுத்துவதற்கு முன் ஒரு முனையைத் தூக்கி உதறிவிட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பதைத் தோப்புப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டும்; இரவெல்லாம் தரையில் கிடக்கும் குழாய்க்குள் பாம்போ தேளோ இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. இப்போதெல்லாம் நான் அதைச் சுருக்கி வண்டியிலேயே வைத்துவிடுகிறேன். செவலை சுரங்கத்தை ஒரே காலையில் கற்றுக்கொண்டது. ஓரடிக்குச் சுருக்கிப் பிடித்து, மறுமுனையில் என் மகள் உட்கார்ந்து கூப்பிட, பிறகு ஒவ்வோர் அடியாக நீட்டினோம்.

வளைந்து ஓடும் கம்பங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உயரம், இடையில் 60 செ.மீ. இருபது அடிப் பைப்பில் ஒரு மீட்டர் வீதம் ஆறு கம்பங்கள் வருவதால் இரண்டு பைப் போதும். நிறுத்துவதற்கு 10 மி.மீ. முறுக்குக் கம்பியை இரண்டடித் துண்டுகளாக வெட்டி, ஓரடியைத் தரையில் அடித்து, மேலே நிற்கும் பகுதியில் சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன் மேல் பைப்பைச் செருகினேன். டியூப் இருப்பதால் பைப் ஆடாமல் நிற்கிறது, நாயின் தோள் இடித்தால் சற்று வளைந்தும் கொடுக்கிறது. பைப்பை எடுத்த பிறகு இரும்புக் கம்பியைத் தரையில் விட்டுவைக்கவே கூடாது. நாயோ மாடோ ஆளோ தடுக்கி விழுந்தால் கம்பி வயிற்றில் ஏறிவிடும். கம்பி வீடு கட்டிய இடத்தில் மிச்சமானது. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்.

கம்பங்களை முதலிலேயே ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, ஈரலைக் காட்டி வளைத்து வளைத்து இழுத்துப் போவது பயன் தரவில்லை. நாய் கையை ஒட்டி நடந்ததே ஒழிய, கம்பங்களைக் கவனிக்கவில்லை. கை விலகியதும் பாதையை விட்டு வெளியேறியது. பிறகு ஒற்றைப்படைக் கம்பங்களை ஒரு வரிசையாகவும் இரட்டைப்படைக் கம்பங்களை இரண்டடி தள்ளி இன்னொரு வரிசையாகவும் நிறுத்தி, நடுவில் ஒரு சந்து உண்டாக்கினேன். அந்தச் சந்தில் நேராக ஓடுவதை மட்டும் நாய் முதலில் பழக, சில நாட்களுக்கு ஒருமுறை இரண்டு வரிசைகளையும் இரண்டு இரண்டு இஞ்ச்சாக நெருக்கிக்கொண்டே வந்தேன். கடைசி ஆறு இஞ்ச்சில்தான் உடல் வளையத் தொடங்கியது. அந்தக் கட்டத்தில் அவசரப்படாமல் ஒவ்வோர் இஞ்ச்சாகக் குறைத்தேன். நுழையும்போது முதல் கம்பம் நாயின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. சந்து முறையில் நுழைவு தானாக அமைந்துவிடுவதால், வரிசை நேரான பிறகு பக்கவாட்டிலிருந்து ஓடிவரும்போது செவலை இன்னமும் சில சமயம் இரண்டாம் கம்பத்தில் நுழைந்துவிடுகிறது. இது பாக்கி வேலை.

இனி சீ-சா. பலகை 12 அடி நீளம், ஓரடி அகலம். பிளைவுட் எட்டடிக்கு நான்கடித் தாளாகத்தான் வருகிறது என்பதால் 12 மி.மீ. கனத்தில் எட்டடித் துண்டு ஒன்றும் நான்கடித் துண்டு ஒன்றும் வெட்டி, அடியில் ஒரு இஞ்ச் சதுர இரும்புக் குழாய் இரண்டை முழு நீளத்துக்கும் ஓடவிட்டு, அதன் மேல் போல்ட் போட்டுப் பிணைத்தேன். போல்ட் தலைகள் பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். சதுரக் குழாய் இருபது அடி நீளத்தில் வருவதால், இரண்டிலும் மிஞ்சிய எட்டெட்டு அடியை வைத்து, பலகையைத் தூக்கி நிறுத்தும் தாங்கியை வெல்டிங் பட்டறையில் முடித்துவிட்டோம். துண்டாக வெறும் அரை அடிதான் வீணாயிற்று. அச்சுக்கு 20 மி.மீ. கம்பியும், அது நுழையும் இரண்டு பெடஸ்டல் பேரிங்குகளும். பேரிங்குகள் பலகையின் அடியில், கம்பி தாங்கியின் மேல். பட்டறைக்காரர் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டே, "நாய்க்கு எதுக்குங்கண்ணா பேரிங்கு? ஓட்டை போட்டுக் கம்பியை விட்டாலே ஆடுமுங்களே" என்றார். ஆடும், ஆனால் துருப்பிடித்த பிறகு தடைபட்டுத் தடைபட்டுச் சாயும், நாய்க்குப் பலகை எப்போது இறங்கும் என்ற கணக்கு பிடிபடாது.

சீ-சா ஓய்வில் இருக்கும்போது ஏறும் பக்கம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். அதற்காக அச்சைச் சரி நடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி, ஏறும் பக்கத்தைக் கனமாக்க வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது: இறங்கும் பக்கத்து நுனியிலுள்ள, நாய் கால் வைத்தே இறங்க வேண்டிய 90 செ.மீ. தொடுபகுதியின் நடுவில் ஒரு கிலோ எடையை வைத்தால் பலகை இரண்டு மூன்று நொடிகளில் சாய்ந்து தரையைத் தொட வேண்டும். வரைபடத்தில் நான் எட்டு சென்டிமீட்டர் தள்ளிக் குறித்திருந்தேன். பேரிங் தகடுகள் அதே இடத்தில் வெல்டு வைக்கப்பட்டன. மனைக்குக் கொண்டுவந்து, ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை அந்த இடத்தில் வைத்தால், பலகை அசையவே இல்லை. காரணம் எளிய கணக்குதான். மொத்தப் பலகை சுமார் 18 கிலோ; அச்சிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளினால் அந்த எடை பின்னால் இழுக்கும் இழுப்பு, நுனியிலிருந்து 45 செ.மீ. உள்ளே வைத்த ஒரு கிலோவின் இழுப்பைவிடச் சற்று அதிகம். கனமான நாய் நடுவைத் தாண்டியதும் சாயத்தான் செய்யும், ஆனால் எடை குறைந்த நாய் இன்னும் வெகுதூரம் போன பிறகே சாயும்.

பட்டறையில் தகடுகளைக் கிரைண்டரால் அறுத்தெடுத்து, "இந்தத் தடவை வெல்டு வேண்டாமுங்க, ஸ்லாட்டு போட்டுத் தர்றேன், நீங்களே நகத்திப் பாத்துக்கங்க" என்று ஆறு சென்டிமீட்டர் நீளத் துளை போட்ட புதிய தகடுகளை வைத்துக் கொடுத்தார். போல்ட்டைத் தளர்த்தி, நகர்த்தி, உப்புப் பொட்டலத்தை வைத்து, கைபேசியில் நொடி பார்த்து, மறுபடி நகர்த்தி என்று ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. நான்கு சென்டிமீட்டரில் இரண்டரை நொடி வந்தது, அங்கேயே இறுக்கிவிட்டேன்.

மேற்பரப்புக்கு முதலில் ஈரப் பெயிண்டின் மேல் சலித்த மணலைத் தூவினேன். பிடிப்பு நன்றாகத்தான் இருந்தது. நாலைந்து முறை ஏறி இறங்கியதும் செவலை பின்னங்காலை நக்கத் தொடங்கியது, பார்த்தால் பாதத் தோல் உராய்ந்து சிவந்திருந்தது. மணலைத் தேய்த்து எடுத்துவிட்டு, யோகா பாய் ஒன்று வாங்கினேன். ஆறடிக்கு இரண்டடிப் பாயை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் ஓரடி அகலத்தில் இரண்டு ஆறடிப் பட்டைகள். பன்னிரண்டடிப் பலகைக்கு அளந்து தைத்தாற்போலப் பொருந்தின. ரப்பர் பசையால் ஒட்டி, ஓரங்களில் தட்டை ஆணி அடிக்காமல் விளிம்பு வரை அழுத்தி ஒட்டினேன். பாயின் எடை ஒரு கிலோவுக்குள் என்பதால் சமநிலை மாறவில்லை. தொடுபகுதியில் நகம் பட்டுப் பாய் இப்போதே பிய்கிறது. அந்த மூன்றடியை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

பலகை சரியானாலும் நாய்க்குச் சத்தம் சரிப்படவில்லை. நுனி தரையில் மோதும் "டொம்" என்ற ஒலிக்கு, தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கடியில் போய்விடும் நாய் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் நடந்துகொண்டது: ஒருமுறை கேட்டதும் பலகைக்குப் பத்தடி தள்ளியே நின்றது. அதை இழுத்து ஏற்றுவதில் பயனில்லை. தாங்கியை எடுத்துவிட்டு, அச்சுக் கம்பியை 20 செ.மீ. உயரத் தென்னங்கட்டை மேல் வைத்து, இரு நுனிகளின் கீழும் பழைய ஸ்கூட்டர் டயரைப் போட்டேன். சத்தம் அடங்கியது. பிறகு இறங்கும் நுனியை நானே ஒரு கைப்பிடி உயரத்துக்குப் பிடித்திருக்க, செவலை முன்னங்காலை வைத்து அழுத்தினால் ஈரல் என்று ஒரு விளையாட்டு. சத்தம் வந்தால் ஈரல் வருகிறது என்று புரிந்ததும் தானாகவே பலகையைத் தரையில் அறையத் தொடங்கியது. டயரை எடுத்துவிட்டு மண்ணிலேயே அறைய விட்டு, அதன் பிறகு முழுப் பலகையில் நடக்க வைத்து, கட்டையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி உயர்த்தி, கடைசியில்தான் 60 செ.மீ. தாங்கியைத் திரும்ப மாட்டினேன். தீபாவளியை ஒட்டிய நாட்களில் பலகைப் பக்கமே போகவில்லை. நுனியில் நிற்பதற்கு "நில்லு", இறங்குவதற்கு "போ". நிற்காமல் குதித்து இறங்கினால் ஈரல் இல்லை, திட்டும் இல்லை. திரும்பக் கொண்டுபோய் ஏற்றுவதோடு சரி.

சீ-சாவுக்கு மட்டும், தகடு மாற்றிய கூலியையும் சேர்த்து, ரூ. 7,400. நார்க்கழிவு உட்பட மொத்தச் செலவு ரூ. 13,300. மீண்டும் செய்வதானால் இரும்புக் குழாய்க்குப் பதில் அலுமினியம் போடுவேன். காசு கூடும், ஆனால் 18 கிலோ பலகையை ஒற்றை ஆள் வண்டியில் ஏற்றுவது முதுகுக்கு நல்லதல்ல. தாங்கியை ஒன்றேகால் இஞ்ச் குழாய்க்குள் ஒரு இஞ்ச் குழாய் நுழையும்படி செய்து, 35, 50, 60 செ.மீ. உயரங்களில் ஊசி போட்டு நிறுத்தும் துளை வைப்பேன்; கட்டை அடுக்கும் வேலை குறையும், ஆட்டமும் இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பிளைவுட்டின் வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு பெயிண்ட் கொடுக்காவிட்டால் ஓரம் உப்பிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

ஏ-வடிவ ஏற்றத்தைத் தொடப் போவதில்லை. 170 செ.மீ. உச்சியும் இரண்டே முக்கால் மீட்டர் வரை நீளும் இரண்டு பலகைகளும் கொண்ட அதை ஒரு மனையில் நம்பி நிறுத்துவதற்கு என் கைவேலை போதாது. உயரப் பாலத்துக்குப் பன்னிரண்டடிப் பலகைகள் மூன்று வேண்டும். பிளைவுட்டுக்குப் பணம் சேரும் வரை, சீ-சா பலகையின் இரு நுனிகளுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து ஆடாமல் நிறுத்தி, அதையே தாழ்ந்த பாலமாக நடக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.